பல்வலிக்காரர்களின் புத்தகக் கடை

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணிக்கு,

நலம்தானே? அண்ணன் நலமா என்று கேட்கவில்லை. கேட்டால் நீங்கள் அவரிடம் போய்ச் சொல்வீர்கள், அவர் “யாரு கேட்டா?” என்பார். எதற்கு வம்பு.

ஒரு உதவி வேண்டும். போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். நானும் என் தோழிகள் இருவரும் நடத்தி வந்த பதிப்பகத்தை மூடப் போகிறோம். நாங்களே கதை எழுதி, நாங்களே படம் வரைந்து, நாங்களே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினோம். பெரிய கடைகளில் எடுத்துக்கொள்ளவே யோசிக்கிறார்கள். எடுத்தாலும் சமையல் குறிப்புக்கும் தேர்வு வழிகாட்டிக்கும் பின்னால் செருகி விடுகிறார்கள். “படக்கதையா? குழந்தைங்க புத்தகம் அந்தப் பக்கம்” என்று கை காட்டுகிறார்கள். படித்தவர்களுக்குப் பிடிக்கத்தான் செய்கிறது அண்ணி. பிடிக்கக்கூடியவர்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை, அதுதான் சங்கடம்.

இங்கே பிஸ்கட் பெட்டிகளுக்குப் படம் வரையும் வேலையை நிரந்தரமாக்கித் தருகிறோம் என்கிறார்கள். அதோடு அடங்கிவிடலாம் என்று இருக்கிறேன். வெளிநாடு கிளம்பும்போது உங்கள் வீட்டுப் பரணில் போட்டுவிட்டு வந்த பெட்டிகளைப் பழைய பேப்பர்காரரிடம் கொடுத்துவிடுங்கள். அண்ணன் கண்ணில் படவேண்டாம். “இந்தக் கிறுக்கலுக்கா பொறியியல் படிப்பை விட்ட?” என்று அவர் ஒருமுறை கேட்டதே எனக்கு ஏழு ஜென்மத்துக்குப் போதும்.

உங்கள் வாலு


பிப்ரவரி 21

என் செல்ல வாலுக்கு,

நீ சொன்னபடி பெட்டிகளை இறக்கினேன். அதுவரைக்கும்தான் நீ சொன்னபடி. பேப்பர்காரர் வருவதற்குள் மேலாக இருந்த ஒன்றைச் சும்மா புரட்டினேன். ஏணியின் நடுப்படியில் உட்கார்ந்து முழுவதையும் படித்து முடித்தபோது அடுப்பில் பால் பொங்கித் தரையெல்லாம் ஓடியிருந்தது. வாசலில் நின்ற பேப்பர்காரரிடம், “ஒண்ணும் இல்லை, போயிட்டு வாங்க” என்று சொல்லிவிட்டேன். இத்தனை நாள் இதை என் கண்ணில் காட்டாமல் வைத்திருந்தாயே, உனக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம்!

நம் பல் கிளினிக்கின் காத்திருப்பு அறை உனக்குத் தெரியும். நான் உட்காரும் மேசை, எதிரே வரிசையாக நாற்காலிகள், மூலையில் அட்டை கிழிந்த கார் பத்திரிகைகள். பல்வலியோடு வருகிறவர்கள் சுவரில் இருக்கும் பெரிய பல் படத்தையே பார்த்துப் பார்த்து இன்னும் பயந்துபோவார்கள். கார் பத்திரிகைகளைத் தூக்கிப் போட்டுவிட்டு உங்கள் புத்தகங்களை அடுக்கினேன்.

முதலில் மாட்டியவர் ஒரு பேருந்து ஓட்டுநர். ஒரு பக்கக் கன்னம் பந்து மாதிரி வீங்கியிருந்தது. “ஐயா, உங்க முறை” என்றேன். அசையவில்லை. மறுபடி கூப்பிட்டேன். “இருங்கம்மா, அந்தப் பொண்ணு கிணத்துக்குள்ள இறங்கிட்டா” என்றார். தனக்குப் பின்னால் இருந்தவரை முதலில் அனுப்பிவிட்டார்! பல்லைப் பிடுங்கிக்கொண்டு போன மனுஷன் மறுநாளும் வந்து நின்றார். ஏதாவது ரத்தக் கசிவோ என்று பதறிப்போனேன். வாயில் பஞ்சோடு, “மீதி நாலு பக்கம் இருக்கு” என்றார்.

உன் அண்ணன் இதையெல்லாம் மருந்துக் கம்பெனிக்காரர்கள் இலவசமாக வைத்துவிட்டுப் போனதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். நானும் இல்லை என்று சொல்லவில்லை.

ஆனால் உங்கள் ஏழெட்டுப் புத்தகங்கள் எத்தனை நாள் தாங்கும்? உங்களைப் போல வேறு யார் யார் இருக்கிறார்கள்? விலாசம் அனுப்பு.

ஏணியிலிருந்து இன்னும் முழுதாக இறங்காத
அண்ணி


மார்ச் 9

அன்புள்ள அண்ணிக்கு,

அந்த ஓட்டுநரை நினைத்து நினைத்துச் சிரிக்கிறேன். நடுவில் கொஞ்சம் அழவும் செய்தேன், அதை விடுங்கள். கிணற்றுக்குள் இறங்கும் அந்தப் பக்கத்தைப் பதினேழு முறை திருத்தி வரைந்தேன். யாராவது அதில் நின்று பார்த்திருக்கிறார்களா என்பதுகூட இதுவரை எனக்குத் தெரியாது.

விலாசங்கள் தனித்தாளில் இருக்கின்றன. மலைப் பக்கத்தில் அண்ணன் தம்பி இருவர் தங்கள் மொழிக் கதைகளை ஒரு பக்கமும் தமிழில் எதிர்ப் பக்கமுமாகப் போடுகிறார்கள். காது கேளாத ஒரு ஓவியர் எழுத்தே இல்லாமல் முழுக்கதையும் படத்திலேயே சொல்வார். எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படுகிறவர்களிடம் அதைக் கொடுத்துப் பாருங்கள். கட்டடக் காவலாளி வேலை பார்க்கும் ஒரு அக்கா கவிதை எழுதுகிறார், அவர் மகளே தைத்து அட்டை போடுகிறாள். கல்யாணம் வேண்டாம் என்று தோழியோடு சேர்ந்து குடித்தனம் நடத்தும் பெண்ணைப் பற்றி ஒரு படக்கதை இருக்கிறது, எனக்கு அதன்மேல் பொறாமை.

அண்ணனிடம் எப்போது மாட்டிக்கொள்ளப் போகிறீர்களோ.

பயத்தோடும் பேராசையோடும்,
வாலு


ஏப்ரல் 28

என் செல்ல வாலுக்கு,

மாட்டிக்கொண்டேன்.

அதற்கு முன்னால் நல்ல சேதி. எல்லோரும் புத்தகம் அனுப்பினார்கள். அலமாரி ஒன்று வாங்கினேன். எனக்கு ஒரு வழக்கமும் வந்துவிட்டது. இது அருமையான புத்தகம் என்று யாரிடமும் சொல்வதில்லை. “கடைசியா எதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிச்சீங்க?” என்று கேட்பேன். இல்லையென்றால், “யார் மேல கோபம்?” அதற்கு வரும் பதிலிலேயே எந்தப் புத்தகம் என்று தெரிந்துவிடும். மாமியார் மேல் கோபம் என்ற ஒரு அம்மாவிடம் காவலாளி அக்காவின் கவிதையைக் கொடுத்தேன். வீட்டுக்கு எடுத்துப் போய், மாமியாரோடு சேர்ந்து படித்துவிட்டு, இரண்டு பேருமாக அடுத்தது கேட்டு வந்தார்கள். பல்லுக்குக் கம்பி போட்ட ஒரு கல்லூரிப் பெண் மலைக்கதைகளைப் படித்துவிட்டு, “இது எங்க பாட்டி பேசுற மொழி. இதை அச்சுல பார்ப்பேன்னு நினைக்கவே இல்ல” என்று புத்தகத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

போன வாரம் ஒரு பெரியவர் அந்தக் குடித்தனக் கதையைத் தூக்கிக்கொண்டு நேராக உள்ளே போய், “டாக்டர், குடும்பத்தோட வர்ற இடத்துல என்ன கண்றாவி இது?” என்று கத்தினார். உன் அண்ணன் வெளியே வந்து புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். பிறகு அலமாரியைப் பார்த்தார். கீழ் வரிசையில் ஒரு புத்தக அட்டைமேல் உன் கையெழுத்து கண்ணில் பட்டுவிட்டது.

“இதெல்லாம் அவ புத்தகமா?”

“அவளுதும் இருக்கு.”

“இது கிளினிக்கா, கிறுக்கல் கடையா? சாயங்காலத்துக்குள்ள எடுத்துடு.”

எடுத்துவிட்டேன். அவர் கிளினிக், அவர் பேச்சு. ஆனால் வீட்டுக்கு வந்து, “உங்க பேஷண்ட்ஸ் பயப்படாம உட்கார்ந்திருந்தாங்களே, அது எதனாலன்னு ஒரு நாளாவது யோசிச்சீங்களா?” என்று கேட்டேன். மறுநாள் ஓட்டுநர் நாலு ஓட்டுநர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஒருவருக்கும் பல்வலி கிடையாது! காலியான மூலையைப் பார்த்துவிட்டு, சாவு வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி நின்றார்கள்.

அவர்கள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கிளினிக்குக்கு நேர் கீழே ஜெராக்ஸ் கடை இருந்த அறை பூட்டியே கிடக்கிறது. கட்டடத்துக்காரம்மா பல்செட் மாற்ற வந்த நாளில் ஒரே மூச்சில் மூன்று படக்கதை படித்தவர். கேட்டவுடன் சாவியைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். கடை போடப் போகிறேன். சின்னப் பதிப்பகங்களின் புத்தகங்கள் மட்டும். அந்தக் குடித்தனக் கதை வாசலிலேயே, எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி இருக்கும்.

ஒட்டடை அடித்துத் தும்மிக்கொண்டே,
அண்ணி


மே 12

அன்புள்ள அண்ணிக்கு,

வேண்டாம் அண்ணி. எனக்காக நீங்கள் அவரோடு முறைத்துக்கொள்ளாதீர்கள். அவரோடு பேசாமல் இருக்க நான் பழகிவிட்டேன். நீங்கள் ஒரே வீட்டில் இருந்துகொண்டு பழக முடியாது. அவர் சொன்ன சொல் எனக்கு வலித்தது உண்மைதான். ஆனால் அப்பா போன பிறகு என்னைச் சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனவரும் அவர்தான்.

இதை எழுதிவிட்டு ஒரு வாரம் தபாலில் போடாமல் வைத்திருந்தேன். காரணம் சொல்லிவிடுகிறேன். மறுபடி வரைய ஆரம்பித்துவிட்டேன். காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றிய கதை. நீங்கள் எழுதியதையெல்லாம் திருடிவிட்டேன், மன்னியுங்கள். பெயர் “வாயைத் திறங்க”. தோழிகள் இருவரும் வரைந்தவரைக்கும் படித்துவிட்டு, “மூடுறதை அப்புறம் பார்த்துக்கலாம், முதல்ல இதைப் போடுவோம்” என்கிறார்கள். அட்டை காயாத பிரதிகளோடு உங்கள் கடைத் திறப்புக்கு வருவார்கள். எனக்கு விடுப்பு கிடைக்காது.

இரண்டு மனதோடு,
வாலு


ஜூலை 15

என் தங்கமே,

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. இன்னும் கால் தரையில் நிற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடை திறந்தேன். பத்துப் பேர் வந்தால் போதும் என்று பத்து நாற்காலி போட்டிருந்தேன். ஓட்டுநர் தன் பணிமனையையே திரட்டிக்கொண்டு வந்துவிட்டார். மலை அண்ணன் தம்பி, காது கேளாத ஓவியர், காவலாளி அக்காவும் மகளும் என்று பதினொரு பதிப்பகத்தார் பையும் மூட்டையுமாக வந்து இறங்கினார்கள். வரிசை படியைத் தாண்டி, தெருவைத் தாண்டி, முக்குக் கடை வரைக்கும் போனது. ஓவியரைச் சுற்றி ஒரே கூட்டம். அவர் கை ஜாடையில் கேட்க, இவர்கள் கை ஜாடையில் சொல்ல, பேச்சே இல்லாமல் அத்தனை சத்தம்! காவலாளி அக்கா தன் கவிதையைப் படித்தபோது அந்த மாமியாரும் மருமகளும் முதல் வரிசையில் இருந்து கைதட்டினார்கள். எதிர்த்த தெரு நூலகர் வந்து, “எங்களுக்கும் ஒரு அலமாரி நிரப்பித் தருவீங்களா?” என்றார். குடித்தனக் கதை மதியத்துக்கு முன்பே தீர்ந்தது.

உன் தோழிகள் கொண்டு வந்த உன் புத்தகத்தைக் கேட்கிறாயா? கடைசிப் பிரதிக்கு இரண்டு ஓட்டுநர்கள் சண்டை. நான்தான் விலக்கிவிட்டேன்.

உன் அண்ணன் மாடியில் பேஷண்ட்டுக்காகக் காத்திருந்திருக்கிறார். அவசரத்துக்கு ஒருவரை வரச் சொல்லியிருந்தாராம். பார்த்துப் பார்த்து அலுத்துப்போய்க் கீழே இறங்கி வந்தால், அந்த ஆள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கிறார். “என்ன சார், வலியில துடிக்கிறேன்னு போன்ல சொன்னீங்க?” “வலிதான் டாக்டர். ஆனா இங்க தீர்ந்துடும் போலிருக்கே.” எல்லோரும் சிரித்தார்கள். இவர் சிரிக்கவில்லை. கூட்டத்தை ஒரு சுற்று பார்த்தார். நான் எனக்காக எடுத்து வைத்திருந்த உன் புத்தகத்தை மேசையிலிருந்து எடுத்தார். அதோடு மாடி ஏறிவிட்டார்.

சாயங்காலம் கணக்கெல்லாம் முடித்துவிட்டு மேலே போனேன். கதவு சாத்தியிருந்தது. உள்ளே பேஷண்ட் யாரும் இல்லை. ஆனால் சிரிப்புச் சத்தம் கேட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை. கதவைத் தட்டாமல் இறங்கி வந்துவிட்டேன்.

தொண்டை கட்டி, மனசு நிறைந்து,
அண்ணி


ஜூலை 24

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை ஆபீஸில் வைத்துப் படித்துவிட்டு எழுந்து நின்று கத்திவிட்டேன். பக்கத்து மேசைக்காரர் பிஸ்கட்டுக்குப் பரிசு கிடைத்ததோ என்று கேட்டார். நிரந்தர வேலை வேண்டாம், பாதி நாள் வந்தால் போதும் என்று மேலாளரிடம் சொல்லிவிட்டேன். மீதி நாள் வரையத்தான்.

நேற்று எனக்கு ஒரு தபால் வந்தது. பிரித்தால், “வாயைத் திறங்க” புத்தகத்திலிருந்து ஒரு பக்கத்தின் நகல். டாக்டர் பல்லைப் பிடுங்கி உயர்த்திப் பிடிக்கும் பக்கம். பல்லைச் சுற்றிச் சிவப்பு வட்டம். ஓரத்தில் அண்ணன் கையெழுத்து. அதை அப்படியே எழுதுகிறேன்:

“மேல் கடைவாய்ப் பல்லுக்கு மூணு வேர். நீ ரெண்டுதான் போட்டிருக்க. பார்க்கிறவன் என்னைப் பத்தி என்ன நினைப்பான்? அடுத்த பதிப்புல திருத்து. டாக்டரோட மூக்கு என் மூக்கு மாதிரியே இருக்கு. அதுல கை வைக்காத.”

அடுத்த பதிப்பு என்று அவரே எழுதியிருக்கிறார் அண்ணி!

மூன்றாவது வேரைப் போட்டுவிட்டேன். இன்று காலை அச்சுக்குப் போயிற்று. மூக்கில் கை வைக்காமல் இருக்க முடியவில்லை. கொஞ்சம் நீட்டிவிட்டேன். அவரிடம் சொல்லிவிடுங்கள். யார் சொன்னது என்று கேட்டால், தங்கச்சி சொன்னாள் என்று சொல்லுங்கள்.

உங்கள் இருவரின்
வாலு