குடோனுக்குப் போயிருக்கான்

மாப்ள,

எலுமிச்சை வாசனை என்று பாக்கெட்டில் போட்டிருக்கிறான். இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைத்து, கால் மணி நேரத்துக்கு ஒரு டம்ளராகக் குடித்து வயிற்றைக் காலி செய்ய வேண்டும். நாளைக் காலை தேனாம்பேட்டையில் என் குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கப் போகிறார்கள். டம்ளரை மூக்கருகே கொண்டுபோனதுமே உன் ஞாபகம் வந்துவிட்டது. இதே தண்ணீரை நீ குடித்த அன்று, "கல்யாண வீட்டு ஜூஸ் மாதிரி இருக்குல, ஒரு வாய் குடிக்கியா?" என்று என்னிடம் நீட்டினாய்.

அதற்குள் ரொம்பத் தாமதமாகியிருந்தது.

முதலில் என்னிடம்தான் சொன்னாய். ஆடித் தள்ளுபடி நேரம், தி.நகர் கடையில் பட்டுப்புடவைப் பிரிவில் நாம் புடவை விரித்துக் காட்டியது பக்கத்துப் பக்கத்து மேடையில். பாத்ரூம் போனால் ரத்தம் வருகிறது என்றாய். நான் பெரிய டாக்டர் மாதிரி, "நாள் பூரா சம்மணம் போட்டு உக்காந்தா மூலம் வராம என்ன செய்யும்? சூடுதான். கருணைக்கிழங்கு தின்னு" என்றேன். மறுநாள் மயிலாப்பூரில் நானே கிழங்கு வாங்கி வந்தும் கொடுத்தேன். நீ நம்பிச் சாப்பிட்டாய். எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

"வீட்ல சொல்லிராத, அழுதே ஊரக் கூட்டிருவா. தீபாவளி வியாபாரம் முடியட்டும்" என்றாய். தீபாவளி முடிந்தால் முகூர்த்தம், அப்புறம் பொங்கல். சீசனில் லீவு கேட்பவனை நம் தொழிலில் யார் மதிக்கிறார்கள்? நீ அடிக்கடி பாத்ரூமுக்கு ஓடினாய். சூப்பர்வைசர் கேட்கும்போதெல்லாம், "குடோனுக்குப் போயிருக்கான் சார்" என்று நான் சமாளித்தேன். உனக்கு உதவி செய்வதாக நினைப்பு. தை மாதம் போய்ப் பார்த்தபோது, புற்று ஈரல் வரை பரவிவிட்டது என்றார்கள். ஆபரேஷன், கீமோ, வயிற்றில் பை, எல்லாம் பட்டாய். "முன்னாடியே வந்திருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டர் பாதியில் நிறுத்திக்கொண்டார். நீ என் பக்கம் திரும்பவே இல்லை.

உன் காரியம் முடிந்த அன்று உன் வீட்டுக்காரி கேட்டாள்: "உங்ககிட்டயாவது சொன்னாரா அண்ணே?"

"இல்லம்மா" என்றேன்.

எனக்குத் தொந்தரவு ஒன்றும் இல்லை. ஐம்பது தாண்டிவிட்டது, பார்த்துவிடுங்கள் என்று நானாகத்தான் போய்க் கேட்டேன். குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று டாக்டர் விசாரித்தபோது உன்னைச் சொன்னேன். "ஃப்ரெண்டெல்லாம் கணக்குல வராது சார்" என்று சிரித்தார்.

மயக்க மருந்து கொடுப்பதால் துணைக்கு ஆள் வேண்டுமாம். என் மனைவி மகளின் பிரசவத்துக்காக ஊருக்குப் போயிருக்கிறாள். கேள்விப்பட்டு உன் வீட்டுக்காரி ஃபோன் செய்தாள். "தனியாப் போகாதீங்கண்ணே. அவருக்குத்தான் முன்னாடியே தெரியாமப் போச்சு. உங்களுக்கு நான் வாரேன்."

நாளை ஆதம்பாக்கத்திலிருந்து ஆட்டோவில் என் பக்கத்தில் உட்கார்ந்து வருவாள். மயக்கம் கொடுப்பதற்கு முன் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருக்கிறேன். ஆனால் பயமாக இருக்கிறது, மாப்ள. ஆறு மாதம் "குடோனுக்குப் போயிருக்கான்" என்றே சொல்லிப் பழகிய வாய் இது.