கடைசி அரைக்கூடை

நேற்றுக் காலை மேஜை இழுப்பறையைக் காலி செய்யும்போது உன் கையெழுத்து கிடைத்தது. நீல நிற ஃப்ளாப்பி. தகட்டின் ஓரம் துருப்பிடித்திருக்கிறது. மேலே ஒட்டிய லேபிளில் முப்பத்திரண்டு எழுத்தும் எண்ணும், எட்டு எட்டாகப் பிரித்து நான்கு வரி. அதற்கு மேல் ‘மூணாவது தடவை’ என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறாய். கோபத்தில் போட்ட கோடு. பேனா முனை லேபிளைக் கிழித்திருக்கிறது.

அலுவலகத்தை மூடுகிறார்கள். கடலோரத்து வீடுகளெல்லாம் கட்டி முடித்தாயிற்றாம், இனித் திண்டிவனத்தில் வேலை இல்லையாம். ஃப்ளாப்பியைக் குப்பையில் போட்டிருக்கலாம். போடாமல் பழைய கம்ப்யூட்டரில் செருகினேன். உன்மேல் பாசத்தில் செருகினேன் என்று நினைத்துக்கொள்ளாதே. நீ போய் ஏழு மாதமாகிறது, சாப்பிட உட்கார்ந்தால் உன் முகம்தான் வருகிறது. நீ என்னை ஏமாற்றியவள்தான் என்று அந்த மெஷின் இன்னொரு தடவை சொல்லிவிட்டால் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும் என்று பட்டது.

சொல்லவும் செய்தது. ‘பொருந்தவில்லை.’ உள்ளே இருக்கும் பட்டியலும் லேபிளில் உள்ள எண்ணும் ஒத்துவரவில்லை என்கிற அதே பழைய பதில். அதோடு எழுந்து போயிருக்க வேண்டும். ஆனால் பக்கத்து மேஜையின் புதுக் கம்ப்யூட்டரில், அதே கணக்கைப் போடுகிற வேறொரு புரோகிராமை யாரோ இறக்கி வைத்திருந்தார்கள். அதிலும் கொடுத்துப் பார்த்தேன். திரையில் வந்ததை உன் லேபிளோடு வைத்து ஒவ்வொரு எழுத்தாக விரலால் தொட்டுக்கொண்டே வந்தேன். முப்பத்திரண்டும் சரியாக இருந்தன. இரண்டாவது முறை தொட்டேன், மூன்றாவது முறை தொட்டேன். உன்னுடையது சரி. என்னுடையதுதான் தப்பு, ஒன்றரை வருடமாகத் தப்பு.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, காலேஜ் கடைசி வருடம், கம்ப்யூட்டர் லேபில் ஃபேன் ஓடாத அந்தக் கோடை. ஹாஷ் என்றால் என்னவென்று வகுப்பில் யாருக்கும் புரியவில்லை. சார் பலகையில் எழுதியதை அப்படியே காப்பி எடுத்துக்கொண்டிருந்தோம். நீதான் மதியம் டப்பாவைத் திறந்துகொண்டே எனக்குச் சொன்னாய். “எங்கம்மா உப்பு வார்றப்ப பாத்திருக்கியா நீ? கூடை கூடையா அம்பாரத்துக்குப் போவும். மேஸ்திரி வழியில நின்னு, போறப்பவே எண்ணிக்குவாரு. கொட்டினதுக்கு அப்பால போய் எண்ண முடியுமா? அதுமாரிதான். ஃபைல் உள்ள போறப்பவே கணக்கும் ஓடிக்கிட்டே இருக்கும். முடிஞ்சதும் ஒரு நம்பர் வரும். நடுவுல ஒரே ஒரு எழுத்து மாறினாலும் நம்பர் மொத்தமா வேற ஆயிடும்.”

பிறகு விரலை நக்கிக்கொண்டு, “ஆனா கடைசிக் கூடையைப் பாக்கணும்டி” என்றாய். “அது எப்பவும் அரைக்கூடையாத்தான் இருக்கும். முழுசுன்னு போட்டா எங்கம்மா மேஸ்திரிய விட மாட்டா. அரைன்னா அரைன்னு சொல்லுய்யாம்பா.”

நான் சிரித்தேன். கிளியனூரில் ஐந்து ஏக்கர் நஞ்சை வைத்திருப்பவர் வீட்டுப் பெண்ணுக்கு உப்புக்கூடை வேடிக்கையாக இருந்தது. அன்றிலிருந்து என்ன எழுதினாலும் நீ கேட்பது அதுதான். “கடைசிக் கூடையைப் பாத்தியா?” லேபில் எல்லோரும் அதைச் சொல்லி உன்னைக் கேலி செய்தோம்.

காலேஜ் முடித்த வருடமே டிசம்பரில் கடல் உள்ளே வந்தது. நிவாரணப் பட்டியல் எடுக்க இந்த அலுவலகம் திறந்தார்கள். நம் இரண்டு பேருக்கும் வேலை கிடைத்தது. எனக்கு ஃபேனுக்கு அடியில் நாற்காலி, உனக்கு மரக்காணத்தில் வெயில். அதுவும் தானாக நடந்ததில்லை. என் மாமாவுக்கு அலுவலகத் தலைவரைத் தெரியும். உனக்குத் தெரிந்தவர் யாரும் இல்லை. இதை அப்போதே நான் உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும்.

வீடு வீடாகப் போய் எழுதி, பிரவுசிங் சென்டரில் டைப் செய்து, ஃப்ளாப்பியில் ஏற்றி, அங்கிருக்கும் ரெடிமேட் புரோகிராம் தரும் ஹாஷ் எண்ணை லேபிளில் எழுதிக் கொண்டுவர வேண்டும். வழியில் யாரும் பெயரைச் சேர்க்கவோ அடிக்கவோ கூடாது என்பதற்காகத்தான் அந்த எண். என் மெஷினில் ஃப்ளாப்பியைப் போட்டால் அது படித்துக்கொண்டே கணக்குப் போடும். பொருந்தினால் திறக்கும். பொருந்தாவிட்டால் திறக்காது, ஃப்ளாப்பி திரும்பிப் போகும். அந்த புரோகிராமை நான்தான் எழுதினேன். ரெடிமேடாகக் கிடைத்ததை எடுத்துக்கொள் என்று நீ சொன்னாய். நானே எழுதுவேன் என்று நின்றேன். சோதித்தும் பார்த்தேன், நானே டைப் செய்த மாதிரிப் பட்டியல்களை வைத்து. எல்லாம் பொருந்தின. மற்ற ஊர்களிலிருந்து வந்தவர்களின் ஃப்ளாப்பிகளும் பொருந்தின. உன்னுடையது மட்டும் பொருந்தவில்லை.

முதல் தடவை உப்புக் காற்றைச் சொன்னோம். “உங்க ஊரு காத்துல இரும்பே நிக்கல, ஃப்ளாப்பி எங்க நிக்கும்” என்று நானே கிண்டல் செய்தேன். அடுத்த தடவை நீ புது ஃப்ளாப்பி வாங்கி, பாலிதீன் கவரில் சுற்றி, அதைச் சோற்று டப்பாவுக்குள் வைத்து மூடி எடுத்து வந்தாய். பஸ்ஸில் பெருமுக்கல் வரைக்கும் நின்றுகொண்டே வந்ததாகச் சொன்னாய், டப்பாவை மார்போடு பிடித்துக்கொண்டு. மெஷினில் போட்டேன். பொருந்தவில்லை.

மூன்றாவது தடவை அலுவலகத் தலைவரும் பின்னால் வந்து நின்றார். திரையைப் பார்த்துவிட்டு, உன்னைப் பார்க்காமல் என்னிடம் கேட்டார். “மத்தவங்கள்து எல்லாம் சரியா வருது இல்ல? அப்ப இந்த ஒரு லிஸ்ட்ல மட்டும் யாரோ கை வைக்கிறாங்க.”

“நான் ஒரு எழுத்துகூட மாத்தல சார்” என்றாய் நீ.

அவர் அப்போதும் என்னைத்தான் பார்த்தார். “நீ சொல்லும்மா. மெஷின் தப்பு பண்ணுமா?”

“பண்ணாது சார்.”

இரண்டே சொல். அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் உன்னை வேலையை விட்டு அனுப்பினார்கள். ஃப்ளாப்பி என் இழுப்பறையிலேயே தங்கிவிட்டது. உன் இடத்துக்கு வந்தவன் இரண்டே நாளில் அந்தத் தெருக்களை மறுபடி எடுத்து முடித்தான். அவன் ஃப்ளாப்பி முதல் தடவையே பொருந்தியது. பார்த்தாயா என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். நல்ல தோழி நான்.

அன்று பஸ் ஸ்டாண்டு வரை உன்னோடு வந்தேன். மரக்காணம் பஸ் கிளம்பத் தயாராக இருந்தது. படியில் ஒரு காலை வைத்தபடி திரும்பிக் கேட்டாய். “கடைசிக் கூடையைப் பாத்தியாடி?”

“பாத்துட்டேன்” என்றேன்.

பார்க்கவில்லை. அந்த புரோகிராமை எழுதிய நாளுக்குப் பிறகு நான் அதைத் திறக்கவே இல்லை. நீ “செரி, வர்றேன்” என்று ஏறிப்போனாய். நான் சொன்னதை நம்பினாய் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். நம்பாமல் போயிருந்தால்கூடத் தேவலை.

நேற்று, ஒன்றரை வருடம் கழித்து, திறந்து பார்த்தேன். கண்டுபிடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு தடவைக்கு ஐந்நூற்றுப் பன்னிரண்டு எழுத்தாக அள்ளிப் படிக்கும்படி எழுதியிருந்தேன். நம் படிவத்தில் ஒரு குடும்பத்துக்கு அத்தனை இடம்தான். மற்றவர்களின் பட்டியல் எதுவானாலும் கடைசி அள்ளல்வரை முழுக் கூடைதான். என் மாதிரிப் பட்டியல்களும் அப்படியே. உன் பட்டியலில் மட்டும் படிவம் முடிந்த பிறகும் எழுத்து இருந்தது. ஆகவே கடைசிக் கூடை பாதிதான் நிறைந்தது. மீதிப் பாதியில் முந்தின அள்ளலின் எழுத்துகள் அப்படியே கிடந்தன. எவ்வளவு வந்ததோ அவ்வளவை மட்டும் கணக்கில் எடு என்று நான் மெஷினுக்குச் சொல்லவில்லை. அது பழைய மிச்சத்தையும் உன்னுடையதோடு சேர்த்துக் கணக்குப் போட்டு, நீ பொய் சொல்கிறாய் என்றது. அரையை முழுசு என்று போட்ட மேஸ்திரி நான்தான்.

படிவம் முடிந்த பிறகு நீ என்ன எழுதியிருந்தாய் என்பதை நேற்றுத்தான் முதல்முறையாகப் படித்தேன். படகு உண்டா, வலை உண்டா, வீடு இடிந்ததா என்று மூன்று கேள்வி கேட்டது நம் படிவம். உப்பளத்துக் கூலிக்காரர்களின் முப்பத்தேழு வீட்டுக்கும் இல்லை, இல்லை, இல்லை என்று நேர்மையாக நிரப்பியிருக்கிறாய். அதோடு விட உனக்கு மனம் வரவில்லை. ‘இவர்களுக்குப் படகும் இல்லை, வலையும் இல்லை. பாத்தியில் சேறு ஏறிவிட்டது. கீற்றுப் போட்டு மூடிய உப்பு அம்பாரம் கரைந்து போய்விட்டது. இந்த வருடம் வேலைக்குக் கூப்பிட முதலாளிக்கும் பாத்தி இல்லை’ என்று தொடங்கி வீடு வீடாக எழுதியிருக்கிறாய். யார் வீட்டில் அடுப்பு எரிய வழியில்லை, யார் பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்பது வரைக்கும். உனக்குப் பின் வந்தவன் மூன்று கேள்வியோடு நிறுத்திக்கொண்டான். அந்த முப்பத்தேழு வீட்டுக்கும் ஒன்றும் போகவில்லை.

கடைசி வரிகள், என் மெஷின் குழப்பியடித்த அந்த அரைக்கூடை, இதுதான்: ‘இந்த முப்பத்தேழில் எங்கள் வீடு இல்லை. பட்டியல் எடுக்கிறவளே தன் வீட்டையும் எழுதிக்கொண்டாள் என்று பேச்சு வரக் கூடாது. அம்மாவிடம் சொல்லிவிட்டேன். வேறு யாராவது வந்து எங்கள் வீட்டை எழுதிக்கொள்ளவும்.’

யாரும் வரவில்லை; உனக்குப் பின் வந்தவனும் உங்கள் வீட்டை விட்டுவிட்டான். பெயரைச் சேர்த்தவள் என்று உன்னை அனுப்பினோம், நீயோ உன் அம்மாவின் பெயரையே விட்டிருக்கிறாய். அந்தப் பேச்சு உன் ஊர்வரைக்கும் வந்துவிட்டதாம். லிஸ்டில் கை வைத்த பெண் என்று சொல்லி பிரவுசிங் சென்டரில்கூட உன்னை உட்கார விடவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். பி.எஸ்ஸி. படித்த நீ அம்மாவோடு பாத்திக்குப் போனாய். மஞ்சள் காமாலை வந்து பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எனக்குச் சொல்லி அனுப்பினார்கள். கிளியனூரிலிருந்து அரை மணி நேர பஸ். நான் வரவில்லை. வேலை இருந்தது என்று சொன்னால் அதுவும் பொய். உன்மேல் கோபமாக இருந்தேன். என்னிடமே பொய் சொல்லிவிட்டாளே என்ற கோபம். பங்குனியில் நீ போனாய். சாவுக்கும் நான் வரவில்லை.

நேற்று முதலில் அலுவலகத் தலைவரிடம்தான் ஓடினேன். அவர் அட்டைப்பெட்டிகளுக்கு நூல் கட்டிக்கொண்டிருந்தார். நான் சொன்னதை முழுதாகக் கேட்டார், அவசரப்படவில்லை. “அந்த ஃபைல் எப்பவோ க்ளோஸ் ஆயிடுச்சேம்மா” என்றார். “அந்தப் பொண்ணும் இப்ப இல்லங்கிற. இனிமே யார்கிட்ட போய் இன்னா சொல்றது?” நல்ல மனிதர்தான். அதனால்தான் அவரிடம் சண்டைகூடப் போட முடியவில்லை.

மதியமே மரக்காணம் பஸ் ஏறினேன். ஐப்பசி மழைக்கு முன் அம்பாரத்துக்குக் கீற்று வேய்ந்துகொண்டிருந்தார்கள். உன் அம்மா ஏணியில் நின்று, மேலே ஒருத்திக்குக் கீற்று எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் இறங்கினாள். காலில் பாளம் பாளமாக வெடிப்பு. உன் காலும் அந்த ஒரு வருடத்தில் இப்படித்தான் ஆகியிருக்கும்.

எல்லாவற்றையும் சொன்னேன். ஃப்ளாப்பியைக் காட்டினேன். கூடையை வைத்தே விளக்கினேன். என் மெஷின் அரையை முழுசு என்று போட்டுவிட்டது, உங்கள் பெண் ஒரு எழுத்தும் மாற்றவில்லை என்றேன். அவள் ஃப்ளாப்பியைக் கையில் வாங்கி, லேபிளைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

“அவ மாத்தலன்னு அவளுக்குத் தெரியும்மா. எனக்கும் தெரியும்” என்றாள். “ஊரு சொன்னதுக்கு அவ அழல. உனக்குத் தெரியலையேன்னுதான் அழுதா.”

திட்டியிருக்கலாம், திட்டவில்லை. மழை வருகிறது, கடைசி பஸ்ஸை விட்டுவிடாதே என்று சொல்லிவிட்டு ஏணியில் ஏறிப்போனாள்.

இன்று காலை எல்லோருக்கும் முன்னால் வந்து அந்த புரோகிராமைத் திருத்தினேன். ஒரே இடம்தான். வந்த அளவை மட்டும் எடு என்று ஒரு சின்ன மாற்றம், டைப் அடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. உன் ஃப்ளாப்பியைப் போட்டேன். ‘பொருந்துகிறது’ என்று வந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் இந்தக் கம்ப்யூட்டரையும் கட்டி எடுத்துப்போக ஆள் வருகிறது. அந்தச் சொல்லைப் பார்க்க அறையில் நான் ஒருத்திதான்.

ஃப்ளாப்பியை என் சோற்று டப்பாவுக்குள் வைத்து மூடியிருக்கிறேன், நீ கொண்டுவந்த மாதிரியே. முப்பத்திரண்டு எழுத்தும் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. பஸ்ஸில் போகும்போது தானாக வாயில் ஓடுகிறது. இதையெல்லாம் வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப்போகிறேன் என்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்றால் கேட்க வேண்டிய ஆள் இல்லை. பஸ் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு நீ கேட்ட கேள்விக்குப் பதில் மட்டும் இருக்கிறது.

பாத்துட்டேன்டி. இப்பத்தான் பாத்தேன்.