இரண்டு முறை எழுதிய வரி

மார்ச் 3, செவ்வாய்

ஆயிரத்து நூற்று நாற்பது வரிகளை அறுநூற்றுப் பத்தாக்கிவிட்டேன். அலமாரியை ஒழித்து அடுக்கி முடித்த மாதிரி இருக்கிறது.

"நாளெல்லாம் என்னடி தட்டிக்கிட்டே இருக்கே?" என்றாள் அம்மா. மருந்துக் குளிர்பெட்டி கண் விழித்ததும் முதலில் ஓடுவது பூட்லோடர் என்கிற சின்ன புரோகிராம். எந்தப் பாகத்துக்கு எவ்வளவு கரண்ட் என்று பவர் சிப்புக்கு அதுதான் சொல்லும். அந்தப் பகுதியைச் சுத்தம் செய்கிறேன் என்றேன். "அது சின்னவன் எழுதினதாச்சே?" என்றாள். மாத்திரை போட மறப்பாள், இதை மறக்கமாட்டாள்.

ஆமாம், என் தம்பி எழுதியதுதான். குப்பை. ஒரே எண்ணை நான்கு இடத்தில் வைத்திருக்கிறான். பவர் சிப்புக்குப் போகிற ஒரே கட்டளையை அடுத்தடுத்த வரியில் இரண்டு தடவை எழுதியிருக்கிறான். அதற்கு மேலே ஒரு குறிப்பு வேறு: "இது எங்க அக்கா மாதிரி." பற்றிக்கொண்டு வந்தது. வேலையை விட்டுப் போய் ஒன்றரை வருடம் ஆகியும் உள்ளே உட்கார்ந்து என்னைக் கிண்டல் பண்ணுகிறான். அதற்கு மேல் படிக்கவில்லை. குறிப்பை அழித்தேன். இரண்டு வரியில் ஒன்றையும் அழித்தேன்.

மார்ச் 5, வியாழன்

மேஜையில் இருநூறு தடவை பெட்டியை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தாயிற்று. ஒரு தடவைகூட முரண்டு பிடிக்கவில்லை. மதியம் முந்நூற்றுப் பன்னிரண்டு பெட்டிகளுக்கும் புதிய புரோகிராமை நெட் வழியாக அனுப்பினோம். "இவ்வளவு அழகான புரோகிராமை நான் பார்த்ததே இல்லை" என்றார் மேனேஜர். அவர் புரோகிராம் படித்தே பத்து வருடம் இருக்கும். ஆனாலும் கேட்க நன்றாகத்தான் இருந்தது.

மார்ச் 11, புதன்

ஒரு பெட்டி செத்துவிட்டது. பாட்டரியை மாற்றியதும் எழவில்லையாம். சர்வீஸ்காரர் தூக்கிக்கொண்டு வந்தார். என் மேஜையில் வைத்து பாட்டரியை மாட்டினேன், சமர்த்தாக எழுந்துவிட்டது. டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் விட்டுப்போகிற பிள்ளை மாதிரி.

"சத்தியமா அங்க எழுந்திரிக்கல மேடம்" என்றார். பாட்டரியைச் சரியாக மாட்டியிருக்கமாட்டீர்கள் என்றேன். முகம் சுருங்கிவிட்டது.

மார்ச் 13, வெள்ளி

ஒன்பது. ஒன்பதும் இங்கே வந்ததும் எழுந்துகொள்கின்றன.

ஒரு சின்ன ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் பேசினார். "பெட்டி தூங்குதுன்னு நெனச்சேம்மா. தொறந்து பார்த்தா உள்ள எல்லாம் வெதுவெதுன்னு இருக்கு." நாற்பது குழந்தைகளுக்கான தடுப்பூசி. எல்லாவற்றையும் கொட்டவேண்டியதுதான். அவர் திட்டவே இல்லை. திட்டியிருக்கலாம்.

இருபத்து நான்காம் தேதிக்குள் எல்லாப் பெட்டிக்கும் பாட்டரி மாற்றியாகவேண்டும். தள்ளிப்போட்டால் சார்ஜ் தீர்ந்து தானாகவே அணையும். "பழசையே திருப்பி அனுப்பிடுங்களேன்" என்கிறார் மேனேஜர். புதிதாக எதை ஏற்றினாலும் பெட்டி ஒரு தடவை ரீஸ்டார்ட் ஆகும். ஐந்தாம் தேதி எழுந்துவிட்டன, சரி; இந்தத் தடவை அந்த ரீஸ்டார்ட்டிலேயே மிச்சம் முந்நூறும் படுத்துவிட்டால்? காரணம் தெரியாமல் எந்த தைரியத்தில் அனுப்புவது?

மார்ச் 14, சனி

சோறு இறங்கவில்லை. நாற்பது குழந்தைகள்.

மார்ச் 15, ஞாயிறு

வழக்கம்போல காலை பத்து மணிக்கு சின்னவன் அம்மாவுக்கு வீடியோ கால் போட்டான். வழக்கம்போல நான் பால்கனிக்குத் துணி காயப்போடப் போனேன். ஒன்றரை வருடமாக ஞாயிறுதோறும் பத்து மணிக்கு எங்கள் வீட்டில் துணி காய்கிறது. இன்று துவைத்ததே இல்லை. காய்ந்த துணியை எடுத்து உதறி மறுபடி போட்டேன்.

கேட்டுவிடலாமா என்று இருந்தது. எந்த முகத்தை வைத்துக்கொண்டு? "கவனக்குறைவான வேலை" என்று ரிப்போர்ட் எழுதியது நான். அதைக் காட்டித்தான் அவனை வேலையை விட்டு அனுப்பினார்கள். தம்பி என்று பார்க்காமல் எழுதினேன் என்று எனக்கு அப்போது பெருமை வேறு.

உள்ளே அம்மா சிரிக்கிற சத்தம். அவனிடம் பேசும்போது மட்டும்தான் இப்படிச் சிரிக்கிறாள்.

மார்ச் 16, திங்கள்

கண்டுபிடித்துவிட்டேன். எழுத்து கோணல்மாணலாக வருகிறது.

சர்வீஸ்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். பாட்டரியை எங்கே வைத்து மாற்றுவீர்கள் என்று முதல் தடவையாகக் கேட்டேன். "குளிர் ரூம்லயேதான் மேடம். வெளிய வச்சு மாத்தினா மருந்து கெட்டுடும்ல. மாத்தினதும் பெட்டிய வார்டுக்குத் தூக்கிட்டுப் போயிடுவாங்க" என்றார். இத்தனை நாளாக இதைக் கேட்கத் தோன்றவில்லை எனக்கு.

ஒரு போர்டை ஆபீஸ் ஃபிரிட்ஜில், எல்லாருடைய சாப்பாட்டு டப்பாக்களுக்கும் நடுவில் வைத்தேன். ஒரு மணி நேரம். உள்ளே கையை விட்டு பாட்டரியை மாட்டினேன். எழவில்லை. மறுபடி. எழவில்லை. தயிர் எடுக்க வந்த அக்கவுண்டன்ட், "ஏங்க, வேண்டுதலா?" என்றார். பழைய புரோகிராமை ஏற்றி அதே குளிரில் வைத்தேன். எழுந்தது. பத்துக்குப் பத்து.

பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் பார்த்தேன். நான் அழித்த அந்தக் குறிப்பு வந்தது. இந்தத் தடவை முழுசாகப் படித்தேன்.

"இது எங்க அக்கா மாதிரி. முதல் தடவை சொன்னா காதுல விழாது. குளிர்ல ரெண்டு தடவை சொல்லணும். தயவுசெஞ்சு எடுத்துடாதீங்க."

பாத்ரூம் போய் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மார்ச் 17, செவ்வாய்

ரீஸ்டார்ட் சமாச்சாரம் மட்டும் பாக்கி. அவனைத் தவிர யாருக்கும் தெரியாது. ஆபீஸ் மாடிப்படியில் நின்று போன் போட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டான்.

"அம்மாவுக்கு என்ன?"

ஒன்றரை வருடம் கழித்து அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. என் பெயரைப் பார்த்ததும் அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்திருக்கிறான்.

அம்மா நல்லா இருக்கா, அந்த ரெண்டாவது வரியை நான் எடுத்துட்டேன்டா என்றேன்.

"எத்தனை பெட்டி?"

சொன்னேன். "சும்மா ரீஸ்டார்ட்னா சிப்புக்குக் கரண்ட் கட் ஆகாது, ஒண்ணும் ஆகாது. பாட்டரியக் கழட்டினாதான் ஆபத்து. தைரியமா அனுப்பு" என்றான். பிறகு, "அந்த ஒரு வரிக்காக நாலு வாரம் அலைஞ்சேன். மீட்டிங்ல சொல்ல வந்தேன். நீ கையக் காட்டி நிறுத்திட்ட" என்றான்.

நிறுத்தினேன். ஞாபகம் இருக்கிறது. இந்தக் கையால்தான்.

"மன்னிச்சுடுடா" என்றேன். குரல் வெளியே வந்ததா என்றே தெரியவில்லை. "வேலையப் பாரு" என்று வைத்துவிட்டான்.

மார்ச் 18, புதன்

அனுப்பியாயிற்று. அவன் வரி, அவன் குறிப்பு, ஓர் எழுத்துக்கூட மாற்றாமல். முந்நூற்றுப் பன்னிரண்டும் திரும்பி எழுந்துவிட்டன.

அந்த ரிப்போர்ட் தப்பு, தப்பு என்னுடையது என்று மேனேஜருக்கு எழுதினேன். "பழசை எதுக்குங்க கிளறுறீங்க?" என்றார். அதே கடிதத்தை அவருக்கு மேலே இருப்பவருக்கும் அனுப்பினேன். என்னை என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை. செய்யட்டும்.

மார்ச் 24, செவ்வாய்

கடைசிப் பெட்டிக்கும் பாட்டரி மாற்றியாயிற்று. குளிர் ரூமிலிருந்து சர்வீஸ்காரர் போன்: "எழுந்துடுச்சு மேடம்."

மார்ச் 29, ஞாயிறு

போன ஞாயிறு அவன் கூப்பிடவில்லை. அம்மா போனை மடியில் வைத்துக்கொண்டு மத்தியானம்வரை உட்கார்ந்திருந்தாள், என்னை ஒன்றும் கேட்கவில்லை. அதைப் பற்றி அன்று எழுத முடியவில்லை.

இன்று பத்து மணிக்கு மணி அடித்தது. துணி வாளியிலேயே கிடந்தது. அம்மாவின் தோளுக்குப் பின்னால் போய் நின்றேன். அவன் இளைத்திருக்கிறான். அம்மா தன் முழங்கால் வலியைச் சொல்லி முடித்ததும் போனை என் கையில் திணித்துவிட்டு, அடுப்பில் ஒன்றும் இல்லாத சமையலறைக்குப் போனாள்.

எனக்கு வேறெதுவும் பேச வரவில்லை. "மன்னிச்சுடுடா. அன்னிக்கு நான் சொன்னது உனக்குக் கேட்டுச்சோ இல்லையோ..."

அவன் எங்கேயோ பார்த்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினான்.

"முதல் தடவையே காதுல விழுந்துடுச்சுக்கா."