வெளிப்பக்கத் தையல்

அன்புள்ள தங்கச்சிக்கு,

நலமா? போனில் நாம் இருக்கும் தையல் குழுவில் மரப்பொத்தான் என்ற பெயரில் எழுதிக்கொண்டிருந்தவர் நீங்கள்தானே? குழுவை நடத்தும் அக்காவிடம் கெஞ்சி உங்கள் விலாசம் வாங்கினேன். நான் ஐந்தாவதோடு நின்றவள். கோணல்மாணலாக இருந்தாலும் கடைசிவரை படித்துவிடுங்கள்.

நான் மாஸ்டரின் மனைவி. உடனே காகிதத்தை மடித்து வைத்துவிடாதீர்கள். அவர் போய் நாற்பத்தொரு நாள் ஆகிறது.

சட்டைக் கம்பெனியில் முப்பது வருஷம் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். குழுவில் யார் சந்தேகம் கேட்டாலும் அளவோடு படம் வரைந்து சொல்லித் தருவார், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் வீட்டில் தைக்கிறவர்கள் டிசைன் செய்தேன் என்று சொன்னால் அவருக்குப் பொறுக்காது.

படுக்கையில் இருக்கும் அப்பாவுக்கென்று நீங்கள் தைத்த சட்டையின் படத்தைக் குழுவில் போட்டீர்களே, முதுகு திறப்பு வைத்து, தையல் ஓரமெல்லாம் வெளியே தெரிகிற மாதிரி. அதற்குக் கீழே இவர், "சட்டையைத் திருப்பிப் போட்டுப் படம் எடுத்துட்டியாம்மா? முதல்ல உள்பக்கம் எது, வெளிப்பக்கம் எதுன்னு கத்துக்கிட்டு வா" என்று எழுதினார். எத்தனையோ பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். நானும் போட்டேன். என் அக்காவிடம் காட்டிச் சிரிக்க அந்தப் படத்தைப் போனில் எடுத்தும் வைத்துக்கொண்டேன். நீங்கள் "சரிங்க மாஸ்டர்" என்று மட்டும் எழுதிவிட்டு, போட்டதை எல்லாம் அழித்துவிட்டுப் போய்விட்டீர்கள்.

எட்டே மாதத்தில் இவருக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அவரே வெட்டிய சட்டைகளின் தையல் பட்டுப் பட்டு முதுகெல்லாம் புண். அப்போதுதான் அந்தப் படம் ஞாபகம் வந்தது. பழைய படுக்கை விரிப்பை வெட்டி, இரண்டு வீணாகி, அப்புறம் இரண்டு சட்டை தேறியது. போட்டுவிட்டேன். அன்று சாயங்காலம் குழறிக் குழறிச் சொன்னார்: "அந்தப் பொண்ணு தெரிஞ்சுதான் வெளியே வச்சிருக்கு. நான் நிக்கிறவனுக்கே வெட்டிக்கிட்டு இருந்துட்டேன்."

குழுவில் அதை எழுதச் சொன்னார். கை சரியானதும் நீங்களே எழுதுங்கள் என்றேன். கை சரியாகாது என்று டாக்டர் சொன்னது எனக்குத் தெரியும். மாஸ்டருக்கே தெரியவில்லையா என்று நாலு பேர் சிரிப்பார்களே என்றுதான் மழுப்பினேன். நாலு வரி, நானே எழுதியிருக்கலாம். அதற்கப்புறம் இரண்டு தடவை கேட்டார். பிறகு கேட்கவில்லை.

போன வாரம் குழுவில் ஒருத்தி, கிடையாய்க் கிடக்கும் தன் அம்மாவுக்கு எந்தச் சட்டை போட்டாலும் உறுத்துகிறது, என்ன செய்ய என்று கேட்டிருக்கிறாள். ஒருவரும் பதில் சொல்லவில்லை. என் போனில் இருக்கும் படத்தில் அளவு இல்லை, நான் குத்துமதிப்பாக வெட்டியவள். ஆளுக்குத் தகுந்தபடி அளவைக் கூட்டிக் குறைத்துச் சொல்ல இந்த வீட்டில் அவருக்குத்தான் தெரியும். ஒரு சட்டை அவரோடு போய்விட்டது. இன்னொன்றைப் பிரித்தால் ஏதாவது புரியலாம். கத்தரியை எடுத்துக்கொண்டு உட்கார்கிறேன், பிரிக்கக் கை வரமாட்டேன் என்கிறது.

நீங்கள் குழுவுக்குத் திரும்ப வந்து ஒரு தடவை அந்தப் படத்தை அளவோடு போடுங்கள் தங்கச்சி. அவர் சொன்னதை உங்கள் படத்துக்குக் கீழே, எல்லாரும் பார்க்க, என் கையால் எழுதுகிறேன். எங்களுக்காக வேண்டாம், அந்த அம்மாவுக்காக.

அப்பா எப்படி இருக்கிறார்? இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும், கேட்கப் பயமாக இருந்தது. அவர் உடம்பில் ஒரு புண்ணும் வராமல் இருக்கட்டும். உங்கள் கைக்கு ஒரு குறையும் வரக்கூடாது.

இப்படிக்கு,
மாஸ்டர் வீட்டு அக்கா