மீதி இரண்டு தட்டு

மார்ச் 4, செவ்வாய்

பேத்தி பாதி எழுதிவிட்டு விட்டுப்போன கணக்கு நோட்டு இது. மிச்சப் பக்கம் எனக்கு. ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன கையெழுத்துக்கு இது போதும்.

பக்கவாதம் வந்து ஏழு வாரம். கால் நடக்கிறது. எழுதுகிற கை தப்பித்துக்கொண்டது. நாக்குதான் மாட்டிக்கொண்டது. தலைக்குள் வார்த்தை முழுசாக இருக்கிறது. வாய்க்கு வரும்போது பிழியாத துணி மாதிரி கனத்து விழுகிறது.

பேச்சுப் பயிற்சிக்கு ஒரு பெண் வாரம் மூன்று நாள் வருகிறாள். எல்லா வார்த்தையையும் துண்டு போடச் சொல்கிறாள். ஒரு துண்டுக்கு மேஜையில் விரலால் ஒரு தட்டு. ஜன்-னல், இரண்டு. க-த-வு, மூன்று. அடுத்தது அக்-கா என்றாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

"ஏன் பாட்டி, லேசான வார்த்தைதானே?"

வேறு எடு என்று கையைக் காட்டினேன்.

மார்ச் 6, வியாழன்

அக்கா வந்தாள். நான் படுத்ததிலிருந்து வியாழன் தவறாமல் வருகிறாள். யார் கூப்பிட்டது? கதவோரத்து நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பயிற்சி நடக்கும்போதுகூட எழுந்து போவதில்லை. நான் வாயைக் கோணிக்கொண்டு க-த-வு சொல்வதை அவள் பார்க்க வேண்டுமா? முடிந்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

மார்ச் 8, சனி

களைப்பு. பத்து வார்த்தைக்கு மேல் முடியவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

மகன் வந்தான். அதே பேச்சு. "மூணு மணி நேரம் தரையில கெடந்தீங்கம்மா. மறுபடி விழுந்தா யாருக்குத் தெரியும்?"

அவன் சொல்வது பொய்யில்லை. வேலை இருக்கிற ஊரை விட்டு அவன் வர முடியாது. அவன் வீட்டில் எனக்கு இடமும் கிடையாது. அதனால் முதியோர் இல்லம் ஒன்று பார்த்து வைத்திருக்கிறான். போன வாரம் கூட்டிப்போய்க் காட்டினான். சுத்தமான இடம். சாப்பாட்டுக் கூடத்தில் ஒருத்தி "டீயா, பாலா?" என்று கேட்டாள். நான் டீக்கு வாயைத் திறப்பதற்குள் பாலை வைத்துவிட்டு அடுத்த மேஜைக்குப் போய்விட்டாள். கெட்டவள் இல்லை. நாற்பது பேருக்கு ஊற்ற வேண்டும், அவளுக்கு ஏது நேரம்.

இருபத்தேழாம் தேதி அந்த இல்லத்து மேலாளர் அம்மா இங்கே வருகிறாராம். சேருகிறவர் வாயால் சம்மதம் சொன்னால்தான் சேர்ப்பார்களாம். அவனுடைய பெரியம்மாவை, என் அக்காவையும் வரச் சொல்லியிருக்கிறான் மகன். அவள் சொன்னால் நான் கேட்பேனாம். ஐம்பத்திரண்டு வருஷமாக அவளோடு நான் பேசுவதில்லை என்று அவனுக்குத் தெரியும். ஏன் என்று தெரியாது.

மார்ச் 11, செவ்வாய்

பயிற்சிப் பெண்ணிடம் ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்தேன். சம்மதமில்லை.

படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "இதை எழுதியே காட்டிடலாமே பாட்டி?"

மாட்டேன். வாயால்தான்.

ஐந்து தட்டு. சம்-ம-த-மில்-லை. 'த'வுக்கு அடுத்து வருகிற 'ம'வில்தான் ஆபத்து என்கிறாள். "சம்மதம்னு அங்கே உதட்டை மூடி நிறுத்திட்டீங்கன்னா மறுபடி திறக்க உங்களுக்கு நேரமாகும். நிக்காம 'மில்'லுக்கு ஓடிடுங்க." அந்த ம தலையில் புள்ளி வைத்தால் நான் இல்லத்தில். வைக்காவிட்டால் என் வீட்டில். ஒரு புள்ளி.

இருபது தடவை சொன்னேன். பதினேழு தடவை உதடு மூடியே நின்றுவிட்டது.

மார்ச் 14, வெள்ளி

எழுதிவிடுகிறேன்.

என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்குக் கண்ணாடி டம்ளர் ஏழு. ஒன்றின் விளிம்பு உடைந்திருந்தது. அதை எனக்கு என்று ஒதுக்கி வைத்தாள் அக்கா. முன் அறையில் மாப்பிள்ளை வீட்டார். அப்பா கேட்டார், "என்னம்மா, சம்மதமா?" எனக்குப் பத்தொன்பது வயது. யோசிக்கணும் என்று சொல்ல வந்தேன். மாட்டேன் என்றுகூட இல்லை, யோசிக்கணும். வாயைத் திறந்தேன். பக்கத்தில் நின்ற அக்கா முந்திக்கொண்டாள். "அவளுக்குச் சம்மதம்ப்பா. வெக்கப்படறா."

வெட்கமா? யாருடி வெக்கப்பட்டா?

எல்லோரும் சிரித்தார்கள். முடிந்தது. அவர் நல்ல மனுஷர்தான், போய்ச் சேர்ந்தும் பதினொரு வருஷம் ஆகிறது. அவரைப் பற்றி இல்லை இது. அந்த ஒரு வார்த்தை என் வாயிலேயே தங்கிவிட்டது. அது என்னுடையது. எடுத்துக்கொள்ள அவள் யார்?

மார்ச் 20, வியாழன்

இருபதில் பதினொன்று சரியாக வந்தது. நான் மேஜையில் தட்டும்போது அக்காவின் விரலும் பை மேல் தட்டுகிறது. பார்த்தேன். பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

மார்ச் 25, செவ்வாய்

பதினான்கு. தாடை வலி.

மார்ச் 27, வியாழன்

மேலாளர் அம்மா பதினொரு மணிக்கு வந்தார். தடித்த கண்ணாடி, நல்ல மாதிரியான பேச்சு. மகன் அவர் பக்கத்தில். அக்கா வழக்கமான நாற்காலியில்.

"எங்க இல்லத்துக்கு வர உங்களுக்குச் சம்மதமாம்மா?"

மேஜை மேல் விரலை வைத்தேன். சம். ம. எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். த — பாழாய்ப்போன உதடு மூடிக்கொண்டது. தம்.

திறக்கவே இல்லை. உள்ளே மூச்சு முட்டிக்கொண்டு நிற்கிறது, உதடு ஒட்டிக்கிடக்கிறது.

"சம்மதம்" என்றார் மேலாளர் அம்மா, எழுதிக்கொண்டே. மகன் பெருமூச்சு விட்டான். "தேங்க்ஸ்மா" என்றான். கண்ணில் தண்ணீர்கூட வந்தது அவனுக்கு. போச்சு, மறுபடியும் போச்சு என்று நினைத்தேன்.

கதவுப் பக்கத்திலிருந்து குரல். "எழுதாதீங்க. அவ இன்னும் முடிக்கல."

"சொல்லிட்டாங்களே பெரியம்மா."

"ரெண்டு தட்டு பாக்கி இருக்கு. இருடா."

"நீங்க யாருங்க?" என்றார் மேலாளர் அம்மா.

"அவ அக்கா. ஒரு தடவை நான் முந்திக்கிட்டேன். அது போதும்."

மேலாளர் அம்மா பேனாவை நிறுத்தினார். கடிகாரம் ஓடியது. கீழே தெருவில் யாரோ வண்டியைக் கிளப்பினார்கள். உதடு பிரிந்தது.

இல். லை.

மேலாளர் அம்மா எழுதியதை அடித்தார்.

மார்ச் 28, வெள்ளி

மகன் கோபமாகக் கிளம்பினான். வாசலில் நின்று, "அப்போ உங்ககூட யார் இருக்கறது? அதையும் நீங்களே சொல்லுங்க" என்றான். நியாயம்தான். நாள் முழுக்கப் படுத்திருந்தேன்.

ஏப்ரல் 3, வியாழன்

அக்கா வந்தாள். நாற்காலியை மேஜைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பை கொஞ்சம் பெரிய பை. நான் சுவர்ப் பக்கம் திரும்பவில்லை, கழுத்து வலித்தது.

"நானும் அங்கே தனியாத்தான் இருக்கேன். உன்கூட வந்து இருக்கட்டுமா?"

மேஜையில் விரலை வைத்தேன். யோ. சிக். க. ணும்.

நாலு தட்டுக்கும் நேரம் எடுத்தது. அவள் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.