மூன்றாம் தட்டில் ஒரு மூச்சு

நண்பரே,

அந்தப் பிரெஞ்சுப் பெண்மணி பியானோவில் வாசித்த சொனாட்டாவின் மூன்றாம் இசைத்தட்டுக்கு இன்னொரு பிரதி கிடைத்துவிட்டது. கொழும்புக் கடைக்காரர் கைப்பட எழுதிய கடிதம் இன்று காலைத் தபாலில் வந்தது. உறை கிழிந்திருக்கிறது, தட்டில் கீறல் இல்லை என்கிறார்.

நீர் போய்ச்சேர்ந்து இரண்டு மாரி கழிந்துவிட்டது. கடிதத்தை மடித்ததும் சாவகச்சேரியில் உம்முடைய முன்னறை கண்ணில் வந்தது. ஞாயிறு பின்னேரம், மழை. ஒரே பியானோ சொனாட்டாவுக்கு இரண்டு வாசிப்புகள்: ஒன்று ஒரு ஜெர்மன்காரருடையது, மற்றது அந்தப் பெண்மணியுடையது. ஜெர்மன்காரருடைய தட்டுகளை நான் அச்சுவேலியிலிருந்து போர்வையில் சுற்றிச் சைக்கிளில் கொண்டுவருவேன். பெண்மணியுடையவை உம்முடையவை. வேகம் பிசகினால் ஒப்பிட முடியாதென்று தட்டின் ஓரத்தில் காகிதத் துண்டை வைத்து, நிமிடத்துக்கு எழுபத்தெட்டுச் சுற்று வருகிறதா என்று கடிகாரத்தைப் பார்த்து எண்ணுவேன். நீர் சிரிப்பீர்.

மெதுவான பகுதியில் ஓட்டில் விழும் மழையும் பியானோவும் ஒன்றாகிவிடும். தட்டு நின்ற பிறகும் அறை மெல்லச் சுற்றுவதுபோலிருக்கும்.

நான் ஜெர்மன்காரர் பக்கம். நீர் அவர் பக்கம் வராததற்குக் காரணம் ஒன்றுதான். பெண்மணியின் மூன்றாம் தட்டில், தாழ்ந்த சுரங்கள் அடங்கிப் பழைய மெட்டுத் திரும்புமுன், மிக மெல்லிய ஓர் ஒலி.

“உது அவவின்ரை மூச்சு. வாசிக்க முதல் இழுக்கிறா,” என்றீர்.

கீறல் என்றேன். நீர் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்க்கும் அப்போதிக்கரி, விடுவீரா?

“நாள் முழுக்கக் குழாய் வைச்சு நெஞ்சுச் சத்தம் கேக்கிறவன் நான். எனக்கு நீர் மூச்சுப் படிப்பிக்கிறீர். ஒருத்தன்ரை சொல்லை மட்டும் நம்பிப் பேப்பரிலை எழுதமாட்டன் எண்டு திரியிறனீர்தானே? இதே தட்டு இன்னொண்டு எடுப்பிச்சுக் கேட்டுப் பாரும், அதிலையும் உது இருந்தால் மூச்சுத்தான்.”

கொழும்புக் கடைக்கு எழுதிப் போட்டோம். உலக யுத்தம் வந்தது, கப்பலில் தட்டுகள் வரவில்லை.

உமக்குச் சொல்லாத ஒன்று உண்டு. நீர் அந்த ஒலியை எனக்குக் காட்டியதற்கு முந்திய ஞாயிறு, அவசரமென்று ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்து உம்மைக் கூட்டிப்போனபின், நான் தனியே அந்தத் தட்டைப் போட்டேன். கை தவறி ஊசி விழுந்தது. எந்த இடத்தில் என்று பார்க்கவில்லை. முன்பே அந்த ஒலி இருந்ததா என்பதும் தெரியாது. கீறல் என்று அத்தனை உறுதியாகச் சொன்ன நான், கீறியது யாராக இருக்கலாம் என்பதைச் சொல்லவில்லை.

கடைசி வாரம் கட்டிலருகே அதே தட்டைப் போடச் சொன்னீர். அந்த இடம் வந்ததும் நீரும் அந்தப் பெண்மணியோடு சேர்ந்து மூச்சை இழுத்தீர்.

“கேட்டீரே?”

“ஓம், மூச்சுத்தான்,” என்றேன்.

முப்பது வருடப் பத்திரிகை வேலையில் விசாரிக்காமல் நான் உறுதிப்படுத்திய செய்தி அது ஒன்றே.

இப்போதும் ஜெர்மன்காரரின் தட்டைப் போட்டால், அந்த ஒலி இல்லாத அதே இடத்தில் நான் மூச்சை இழுக்கிறேன்.

பொதி சனிக்கிழமை காலை மெயில் கோச்சியில் சாவகச்சேரி ஸ்டேஷனுக்கு வருகிறது. கிராமபோன் உங்கள் வீட்டில்தான் இருக்கிறது. உம்முடைய மனைவி மறுநாள் வரச் சொல்லியிருக்கிறார். அது அந்தப் பெண்மணியின் மூச்சா, என்னுடைய கீறலா என்பது ஞாயிறு பின்னேரம் தெரியும்.