சமையலறையில் சொன்னது

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் தம்பியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் அப்படியே இருக்க வேண்டும். குளிர் கூடிவிட்டதாமே, காதை மூடாமல் வெளியே போகாதே. அன்றைக்குப் பாதிப் பேச்சில் நான் போனை வைத்த பிறகு நீ எத்தனையோ தடவை கூப்பிட்டும் நான் எடுக்கவில்லை. எடுத்தால் ஒன்று அழுதுவிடுவேன், இல்லை கத்திவிடுவேன். இரண்டும் வேண்டாம் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு முன்மொழிவு எழுத ஆரம்பித்துவிட்டாய் என்று தெரிந்த நாளிலிருந்து ஆசிரியர் அறையில் என் வாய் ஓயவில்லை. தொடக்கப்பள்ளி ஆசிரியர்களின் மனச்சோர்வு பற்றி என் மகள் ஆராய்ச்சி செய்யப்போகிறாள் என்று கேட்காதவர்களிடம்கூடச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதனால்தான் நம் பள்ளியில் ஆய்வு செய்ய அனுமதி கேட்டு நீ அதை அனுப்பியதும் தலைமையாசிரியை நேராக ஆசிரியர் கூட்டத்துக்கே கொண்டுவந்துவிட்டார். "நம்ம டீச்சர் பொண்ணு எழுதினது, எல்லாரும் கேளுங்க" என்று சொல்லிக் கம்ப்யூட்டர் டீச்சரை வாசிக்கச் சொன்னார். அவளுக்குக் கணீரென்ற குரல். நானும் பரிசு வாங்கப் போகிறவள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது பக்கத்தில் அவள் குரல் தேய ஆரம்பித்தது. அதில் நீ எழுதியிருந்தபடி, கணவரை இழந்த மூத்த ஆசிரியை ஒருவர், முதல் வகுப்பு எடுப்பவர், வகுப்புக்குள் நுழையவே கால் வரவில்லை என்கிறார், குழந்தைகள் அழுதால் காதைப் பொத்திக்கொள்ளலாம் போலிருக்கிறது என்கிறார், அவர்களுக்கு முன்னால் சிரிப்பதற்கே தினமும் தன்னைப் பிடித்துத் தள்ள வேண்டியிருக்கிறது என்கிறார். அதற்கு மேல் படிக்கலாமா வேண்டாமா என்று அவள் தலைமையாசிரியையைப் பார்த்தாள். எனக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த தையல் டீச்சர் என்னை ஒருதரம் பார்த்துவிட்டு மேசையைப் பார்க்க ஆரம்பித்தவள், கூட்டம் முடியும்வரை தலையைத் தூக்கவே இல்லை.

பெயர் போடவில்லையே என்று அன்றைக்குப் போனில் சொன்னாய். "அதுல உன் பேரே இல்லையேம்மா, அது வெறும் டேட்டா" என்றாய். எங்கள் பள்ளியில் முதல் வகுப்பு எடுக்கிற, புருஷனைப் பறிகொடுத்த கிழவி நான் ஒருத்திதானே, பெயர் எதற்கு. சரி, பெயரை விடு. அந்த வார்த்தைகளை நான் யாரிடம் சொன்னேன்? போன விடுமுறையில் நீ வந்திருந்தபோது நான் பாத்திரம் தேய்க்க, நீ பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகத் துடைத்து வைத்தாய். துடைத்துக்கொண்டே "அப்புறம்?" "அப்புறம்?" என்று கேட்டாய். உங்கள் அப்பா போன பிறகு என்னை யாரும் அப்புறம் என்று கேட்டதில்லை. அதனால் அடைத்து வைத்திருந்ததெல்லாம் கொட்டிவிட்டது. மகள் கேட்கிறாள் என்று நினைத்தேன். நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூட மாறாமல் எழுதியிருக்கிறாய். அப்படியென்றால் நான் படுக்கப் போன பிறகு மறந்துவிடுவதற்குள் உட்கார்ந்து எழுதியிருக்கிறாய். எனக்கு அதுதான் ஆறவில்லை. "அக்கா வேணும்னு செஞ்சிருக்க மாட்டாம்மா" என்று தம்பி உனக்காகப் பேசுகிறான். எனக்கும் தெரியும். வேண்டுமென்று செய்திருந்தால் ஒரு சண்டையோடு போயிருக்கும். கேட்க வேண்டும் என்றே உனக்குத் தோன்றவில்லையே, அதற்கு நான் என்ன செய்ய.

மறுநாளே என் வகுப்பைப் புதிதாக வந்த பெண்ணிடம் கொடுத்துவிட்டார்கள். "கொஞ்சம் ஓய்வா இருங்க டீச்சர், உங்க நல்லதுக்குத்தான்" என்று தலைமையாசிரியை என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். நல்ல மனுஷிதான், அதனால் எதிர்த்துப் பேசவும் வாய் வரவில்லை. எனக்குப் புத்தக அறை. கிழிந்த அட்டைகளை ஒட்டிக்கொண்டிருக்கிறேன். என் பிள்ளைகள் வரிசையாகத் தண்ணீர் குடிக்கப் போகும்போது அந்தக் கதவைத் தாண்டித்தான் போக வேண்டும். முன்பல் விழுந்த குட்டி ஒருத்தி வரிசையை விட்டு உள்ளே வந்து "டீச்சர், உங்களுக்குக் காய்ச்சலா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சுடவே இல்லையே" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டாள். வகுப்புக்குள் நுழையக் கால் வரவில்லை என்று உன்னிடம் சொன்னவள்தான், இப்போது அந்த வகுப்பைக் கேட்டு நடக்கிறேன். வீட்டில் மகளிடம் புலம்பியதைப் பள்ளிக்கூடத்துக்குச் சொன்ன வாக்குமூலமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், நான் பாடம் நடத்துவதை வந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்று தலைமையாசிரியையிடம் நேரே போய்ச் சொல்லிவிட்டேன். விடுமுறைக்குப் பிறகு வகுப்பைத் திருப்பித் தருகிறாராம், ஒரு வாரம் பின்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பாராம். இந்த வயதில் எனக்குப் பரீட்சை. நன்றாகவே எழுதுவேன்.

இவ்வளவும் நடந்த பிறகு நீ அனுப்பிய ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடவில்லை, போடவும் மாட்டேன். உன் தலைப்பு நல்ல தலைப்பு, எங்களைப் பற்றி யாராவது எழுதத்தான் வேண்டும், அதை விட்டுவிடாதே. என் வார்த்தைகளை மட்டும் எடுத்துவிடு. உன் வழிகாட்டி ஏன் என்று கேட்டால், அந்த ஆசிரியை மறுத்துவிட்டார் என்று சொல், அதை வேண்டுமானால் டேட்டாவாக வைத்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு, கண் எரியும்வரை திரையைப் பார்த்துக்கொண்டிருக்காதே. தம்பி உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னான். நீ நினைத்த பட்டம் கைக்கு வரட்டும், நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு, கோபத்திலும் அதைத்தான் நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, எடுக்கிறேன். எடுத்ததும் மகளாகக் கூப்பிடுகிறாயா, ஆராய்ச்சிக்காகக் கூப்பிடுகிறாயா என்பதை மட்டும் முதலில் சொல்லிவிடு. அதற்குத் தகுந்த மாதிரி பேசிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா